மழை குறைந்தும் பெருகிய குட்டைகள்

நீர்க்கணக்கும் வரவு செலவுதான். பெய்த மழையில் ஆவியானதும் மண்ணில் ஊறியதும் போக மிச்சம் ஓடும். அப்படியானால் மழை குறைய ஓட்டமும் குறைய வேண்டும். ஆப்பிரிக்காவின் சாஹேல் வட்டாரத்தில் அது நடக்கவில்லை. 1970களிலும் 80களிலும் அங்கே கொடிய வறட்சி. ஆனாலும் நைஜர் நாட்டுத் தலைநகர் நியாமேயைச் சுற்றியுள்ள ஓடைகளில் முன்னைவிட அதிகத் தண்ணீர் வந்தது, குட்டைகள் பெருகின. ஆய்வாளர்கள் இதைச் 'சாஹேல் முரண்' என்கிறார்கள். என்னைக் கேட்டால் முரண் இயற்கையில் இல்லை, நாம் கணக்குப் போட்ட விதத்தில் இருக்கிறது.

மாதக் கணக்கையே பாருங்கள். ஜூலையில் 150 மி.மீ. மழை, வெயில் குடிக்கக்கூடியதோ அதைவிட அதிகம் என்று வைத்துக்கொண்டால் ஓடுவதற்கு ஒன்றும் மிஞ்சாது. ஆனால் அங்கே மழை மாதம் முழுக்கத் தூறுவதில்லை; இடியும் காற்றுமாக வந்து கொட்டிவிட்டுப் போகிறது. அது விழும் நிலமும் மாறியது: புதர்க்காட்டை அழித்துக் கம்பு விதைத்தார்கள், தரிசு போடும் ஆண்டுகளும் சுருங்கின. மூடாக்கு இல்லாத மணலில் துளிகள் அறைய, நுண்மண் பிரிந்து மணல் இடுக்குகளை அடைத்து, காய்ந்ததும் சில மில்லிமீட்டர் கனத்தில் பொருக்குத் தட்டுகிறது. ஒரு மணி நேரத்தில் 40 மி.மீ. கொட்டி, பொருக்கு அதில் 10 மி.மீ. மட்டுமே உள்ளே விட்டால் மீதி 30 ஓடத்தானே செய்யும்? அப்படி ஓடுவதில் பெரும்பங்கு நியாமே அருகே ஆற்றைச் சேர்வதில்லை, பள்ளத்துக் குட்டைகளில் தங்கி அடிவழியே இறங்குகிறது. வறட்சிக் காலத்தையும் தாண்டி அங்கே நிலத்தடி நீர்மட்டம் சுமார் 4 மீட்டர் உயர்ந்தது இப்படித்தான். வயலுக்கு நட்டம், கிணற்றுக்கு லாபம்.

மழையின் வேகம் கூடியதுதான் காரணம் என்று சொல்பவர்கள் உண்டு. அண்மைக் காலத்துக்கு அது ஓரளவு பொருந்தும், வறண்ட பத்தாண்டுகளின் பெருக்கை அதை வைத்து விளக்க முடியாது. இன்னொரு மறுப்பு கனமானது. மாலி நாட்டின் கூர்மா பகுதி மேய்ச்சல் நிலம், உழவு மிகக் குறைவு. அங்கும் அகூஃபூ போன்ற ஏரிகள் விரிந்தனவே? உழவரைக் குற்றவாளியாக்கும் வாதத்தை இது உடைக்கிறது, மேற்பரப்பைக் கவனி என்ற என் வாதத்தை உடைக்கவில்லை. அங்கே வறட்சியே ஆழமற்ற மண்ணின் செடிகொடிகளைக் கொன்று நிலத்தை மொட்டையாக்கியது. மாதக் கணக்கை விட்டு இப்படிக் கணக்கிட வேண்டிய நிமிடவாரி மழைப் பதிவு எல்லா இடத்திலும் கிடைக்காது என்பது உண்மைதான். ஆனால் பொருக்குத் தட்டிய நிலம் எவ்வளவு என்று செயற்கைக்கோள் படத்திலிருந்தே தோராயமாக அளக்கலாம். இப்போது நியாமேயில் நைஜர் ஆறு, கினி மலைகளின் நீர் வந்துசேருமுன்பே, குட்டைகளில் தங்காமல் ஆற்றை எட்டும் உள்ளூர் மழைநீரின் செம்மண் வெள்ளத்தால் ஒருமுறை உயர்கிறது. 2012லும் 2020லும் நகருக்குள் புகுந்தது அந்த வெள்ளம்தான்.