கிணற்று நீரைக் குழந்தைகளுக்கு விளக்குவோம்

தெளிந்த நீரெல்லாம் தூய நீர் என்றும், காய்ச்சிவிட்டால் எந்த நீரும் தீங்கற்றது என்றும் நம்மில் பலர் எண்ணுகிறோம். ஆழ்துளைக் கிணறுகள் மிகுந்த ஓசூர், கிருஷ்ணகிரிப் பகுதியில் இவ்விரு எண்ணங்களையும் திருத்திக்கொள்வது நலம். குழந்தைகளுடன் வீட்டில் செய்யத்தக்க இரு சோதனைகள் அதற்கு உதவும்.

முதல் சோதனை: கண்ணாடிப் பாத்திரத்தில் சிறு ஜல்லிக்கற்களை நிரப்புங்கள். கைகழுவும் திரவப் புட்டியின் அழுத்துகுழாயைக் கழுவி, ஓர் ஓரத்தில் அடிவரை நிறுத்துங்கள். பாதியளவு தண்ணீர் ஊற்றுங்கள். கற்களின் இடுக்குகளில் நீர் நிற்கும் அளவே நிலத்தடி நீர்மட்டம், குழாயே கிணறு. கடினப் பாறை நிலமான நம் மாவட்டத்தில் மழைநீர் இவ்வாறே பாறை வெடிப்புகளில் தங்குகிறது. இனி மறு ஓரத்தில் சில சொட்டு மை விட்டு, மழைபோல் நீர் தெளித்து, குழாயை அழுத்தச் சொல்லுங்கள். சற்று நேரத்தில் மை கலந்த நீர் வெளிவரும். எங்கோ கொட்டிய கழிவு நம் கிணற்றுக்கு வரும் வழியைக் குழந்தை கண்டுகொள்ளும்.

பெங்களூருப் பகுதியின் கழிவுநீரைச் சுமந்துவரும் தென்பெண்ணையாறு, கெலவரப்பள்ளி அணையில் நுரைத்துப் பாய்வதைப் பலரும் கண்டிருப்பீர்கள். அந்த மாசு கண்ணுக்குத் தெரிகிறது. கழிப்பறைக் குழியிலிருந்தும் உரத்திலிருந்தும் கிணற்றில் சேரும் நைட்ரேட்டுக்கோ நிறமில்லை. ஃபுளூரைடு பாறையிலிருந்தே இயற்கையாகக் கரைந்து வருவது, அதற்கும் நிறமில்லை. குடிநீரில் ஒரு லிட்டருக்கு நைட்ரேட் 45 மில்லிகிராமையும் ஃபுளூரைடு 1.5 மில்லிகிராமையும் தாண்டக் கூடாது.

இரண்டாம் சோதனை: குடிநீரில் சிறிது உப்பைக் கரைத்துச் சுவைக்கச் சொல்லுங்கள். பிறகு பெரியவர்கள் அதைப் பாதியாகச் சுண்டக் காய்ச்சி, நன்கு ஆறியபின் ஒரு துளி கொடுங்கள். கரிப்பு கூடியிருக்கும். காய்ச்சுவதால் கிருமிகள் மடியும். ஆனால் ஃபுளூரைடும் நைட்ரேட்டும் உப்பைப்போலவே நீங்காமல் தங்கிவிடும்.

மிகையான ஃபுளூரைடு, வளரும் பற்களில் வெண்கோடுகளையும் பழுப்புக் கறைகளையும் உண்டாக்கும். நாளடைவில் எலும்புகளையும் மூட்டுகளையும் இறுகச் செய்யும். இதைத் தடுக்கவே தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களுக்குக் காவிரி நீரைக் கொண்டுவரும் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013இல் தொடங்கப்பட்டது. அந்நீர் கிடைக்குமிடத்தில் குடிக்கவும் சமைக்கவும் அதையே பயன்படுத்துங்கள்.

புட்டிப்பால் அருந்தும் கைக்குழந்தைக்கு நைட்ரேட் மிகுந்த நீர் பெருந்தீங்கு: இரத்தம் உயிர்வளியைச் சுமக்க இயலாமல் உடல் நீலம்பாயும். ஆகவே சோதிக்கப்படாத கிணற்று நீரில் பால்மாவு கரைக்க வேண்டாம். தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வகத்தில் உங்கள் கிணற்று நீரைச் சோதித்துக்கொள்ளுங்கள். குழந்தையின் உதடு அல்லது நகம் நீலநிறமானால், சிறிதும் தாமதியாமல் மருத்துவமனைக்கு அழைத்து வாருங்கள்.