இடி நின்ற பிறகும் நீளும் வரிசை

சிங்கப்பூரில் ஆண்டுக்கு ஏறக்குறைய 170 நாள் இடியிடிக்கிறது. மேகம் கறுத்தால் தேக்கா வட்டாரத்தில் ஆட்கள் கடைகளின் முன்னுள்ள, கூரையிட்ட ஐந்தடிப் பாதைக்கு ஒதுங்கிவிடுவார்கள். எஃப்-16 போர் விமானங்கள் நிற்கும் தெங்கா விமானத் தளத்தில் ஒதுங்குவது அவ்வளவு எளிதல்ல. தேசிய சேவை செய்தவர்களுக்கு ‘கேட் ஒன்’ என்றால் தெரியும்: மின்னல் அபாயம், திறந்தவெளி வேலையை நிறுத்து.

எரிபொருள் நிரப்புவதும் ஆயுதம் ஏற்றுவதும் மின்னலின்போது வெட்டவெளியில் செய்யக்கூடாத வேலைகள். விமானம் நேரத்துக்குக் கிளம்புமா என்பது பெரும்பாலும் தரையிலேயே முடிவாகிவிடுகிறது. அதை முன்கூட்டிக் கணக்கிடத்தான் கணினிப் பாவனை (சிமுலேஷன்). சோதனை, எரிபொருள், ஆயுதம், புறப்பாடு என ஒவ்வொரு வேலைக்கும் எத்தனை ஆள், எத்தனை வண்டி, எவ்வளவு நேரம் என்று கணினிக்குக் கொடுப்பார்கள். அதன்மேல் மழை, மின்னல், வெயிலை ஏற்றி, ஆயிரக்கணக்கான முறை ஓட்டிப் பார்ப்பார்கள்.

உதாரணத்துக்கு, 20 நிமிடத்துக்கு ஒரு விமானம் வருகிறது. நிரப்பவும் 20 நிமிடம். இருப்பது ஒரே எரிபொருள் வண்டி. மின்னலால் ஒரு மணி நேரம் வேலை நின்றால், அடுத்து வரும் ஒவ்வொரு விமானமும் ஒரு மணி நேரம் தாமதமாகும். வானம் தெளிந்த பிறகும் அந்தத் தாமதம் தீராது. இரண்டாவது வண்டி இருந்தாலோ, வேலை மீண்டும் தொடங்கிய 40 நிமிடத்தில் வரிசை கரைந்துவிடும்.

வெயில் வேறு விதமாகப் படுத்தும். 1983 ஏப்ரல் 17 அன்று தெங்காவிலேயே 37 டிகிரி செல்சியஸ் பதிவானது. 15 டிகிரிக் காற்றைவிட 37 டிகிரிக் காற்றின் அடர்த்தி சுமார் 7 விழுக்காடு குறைவு. இறக்கையின் தூக்குவிசையும் எஞ்சினின் உந்துவிசையும் குறையும். ஓடுபாதையில் இன்னும் நீளமாக ஓட வேண்டும். இல்லையேல் சுமையைக் குறைக்க வேண்டும். தரையில் உழைப்பவர்களுக்கும் ஓய்வு நேரத்தைக் கூட்டியாக வேண்டும்.

ஓடுபாதையே கைவிட்டால்?

2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னை விமான நிலையம் மூழ்கியபோது, பயணிகள் விமானங்களுக்கு அரக்கோணம் கடற்படைத் தளம் கைகொடுத்தது. சிங்கப்பூர் ஆகாயப் படையோ 1986இல் தொடங்கிப் பலமுறை லிம் சூ காங் சாலையை ஓடுபாதையாக்கிப் பயிற்சி செய்திருக்கிறது. ஓடுபாதை தாக்கப்பட்டால் என்ன செய்வது என்பதற்கான ஏற்பாடு அது. ஆனால் மாற்று ஓடுபாதையின் தேவை போர்க்காலத்தோடு நின்றுவிடுவதில்லை என்பதைச் சென்னை காட்டியது.

2024 ஜனவரியில் வெளியான சிங்கப்பூரின் மூன்றாவது பருவநிலை ஆய்வு, இந்நூற்றாண்டின் இறுதிக்குள் சராசரி வெப்பநிலை 0.6 முதல் 5 டிகிரி வரை உயரலாம் என்கிறது. பழைய வானிலைப் பதிவுகளை மட்டும் நம்பும் பாவனை இனிப் போதாது. வரப்போகும் வெயிலையும் அதில் சேர்த்தாக வேண்டும்.