கிக்கரை மிதித்தும் எஞ்சின் ஓடாதது ஏன்?

ஒரகடத்தில் 2013-ஆம் ஆண்டிலும், அடுத்துள்ள வல்லம் வடகாலில் 2017-ஆம் ஆண்டிலும் ராயல் என்ஃபீல்டு மோட்டார் சைக்கிள் தொழிற்சாலைகள் உற்பத்தியைத் தொடங்கின. அங்கிருந்து வெளிவரும் புதிய வண்டிகளில் பொத்தானை அழுத்தினால் போதும்; எஞ்சின் ஓடத் தொடங்கிவிடும். பெட்ரோலை அளந்து பீச்சுவதும், உரிய நொடியில் மின்பொறியை எழுப்புவதும் மின்னணுக் கருவிகளின் வேலை. ஆனால் அதே சாலையில் ஷிப்டு வேலைக்குச் செல்பவர் சிலர் பழைய வார்ப்பிரும்பு எஞ்சின் புல்லட்டில் போவதையும் நீங்கள் பார்த்திருக்கலாம். 1955-இல் சென்னையில் என்ஃபீல்டு இந்தியா நிறுவனம் தொடங்கப்பட்ட காலத்திலிருந்து வந்த வம்சம் அது. அந்த வண்டி ஒரு நாள் காலையில் கிளம்ப மறுத்தால் என்ன செய்வது? பட்டறைக்குத் தள்ளிச் செல்லுமுன் நாமே காரணத்தைக் கண்டறிய முடியுமா? பள்ளியில் படித்த இயற்பியலே இதற்குப் போதும் என்பது என் கருத்து.

எந்தப் பெட்ரோல் எஞ்சினுக்கும் மூன்று தேவைகள் உண்டு. பெட்ரோல் ஆவியும் காற்றும் சரியான அளவில் கலந்து உள்ளே வரவேண்டும். அக்கலவை நன்கு அமுக்கப்பட வேண்டும். அமுக்கப்பட்ட நிலையில் அதன்மேல் மின்பொறி விழவேண்டும். மூன்றில் எது இல்லை என்று கண்டுபிடிப்பதே நம் வேலை. ஒரே நேரத்தில் இரண்டு பாகங்களை மாற்றிவிடக் கூடாது. மாற்றினால் வண்டி ஓடக்கூடும். எதனால் ஓடியது என்பது தெரியாது.

முதலில் மின்சாரத்தைக் காண்போம். பழைய புல்லட்டின் முன்விளக்குக்கு மேலே ஒரு சிறிய அம்மீட்டர் இருக்கும். பலர் அதை அலங்காரம் என்றே நினைக்கிறார்கள். விளக்குகளை அணைத்துவிட்டுச் சாவியைத் திருப்பி, கிக்கரைக் கையால் மெல்ல அழுத்துங்கள். பாயிண்ட் என்னும் சிறு தொடுமுனைகள் சேர்ந்திருக்கும்போது பாட்டரியிலிருந்து காயிலுக்குச் சில ஆம்பியர் மின்னோட்டம் செல்லும். முள் இடப்பக்கம் சாயும். பாயிண்ட் பிரிந்ததும் முள் நடுவுக்குத் திரும்பும். இப்படி ஆடினால் அந்தச் சுற்று நலமாக உள்ளது. முள் அசையவே இல்லையென்றால் பாட்டரி தீர்ந்திருக்கலாம், கம்பி அறுந்திருக்கலாம், அல்லது பாயிண்டில் அழுக்குப் படிந்திருக்கலாம். முள் இடப்பக்கமே நின்றுவிட்டால் பாயிண்ட் பிரியவில்லை, அல்லது கண்டென்சர் குறுக்கிணைந்துவிட்டது. ஒரு ஸ்குரூவைக்கூடக் கழற்றாமல் இவ்வளவும் தெரிந்துவிட்டது அல்லவா?

கண்டென்சர் என்பது மின்தேக்கிதான். அதன் பணி சுவையானது. பாயிண்ட் பிரியும்போது காயிலின் முதன்மைச் சுற்றில் மின்னோட்டம் அறுபடுகிறது. காந்தப் புலம் எவ்வளவு விரைவாகச் சரிகிறதோ அவ்வளவு உயர்ந்த மின்னழுத்தம் துணைச் சுற்றில் தூண்டப்படும் என்று ஃபாரடே விதி கூறுகிறது. கண்டென்சர் இல்லாவிட்டால் பாயிண்டுகளுக்கிடையே தீப்பொறி பாய்ந்து மின்னோட்டம் மெதுவாகவே அறும். கண்டென்சர் அந்த நொடியில் மின்னோட்டத்தைத் தன்னுள் வாங்கிக்கொள்வதால் அறுபடுதல் திடீரென நிகழ்கிறது. 6 அல்லது 12 வோல்ட்டுப் பாட்டரியிலிருந்து பல ஆயிரம் வோல்ட்டு கிடைப்பது இவ்வாறுதான்.

இனிப் பிளக்கைக் கழற்றி, உயர் அழுத்தக் கம்பியில் மாட்டி, அதன் உலோக உடல் எஞ்சினைத் தொடும்படி வைத்துக் கிக்கரை மிதித்தால் பொறி தெரியும். இங்கே ஓர் எச்சரிக்கை தேவை. பெட்ரோல் டேப்பை மூடிவிட்டு, பிளக் துளைக்குத் தொலைவில்தான் பிளக்கை வைக்க வேண்டும். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது. தரையோடு தவழ்ந்து செல்லும். வாசலில் ஏற்றிய அகல்விளக்கும் அதற்குப் போதும். எனவே திறந்த வெளியில், வீட்டுப் பெரியவர் ஒருவர் உடனிருக்கச் செய்யுங்கள். கம்பியையோ பிளக்கையோ வெறுங்கையால் பிடிக்க வேண்டாம்.

வெளியில் பொறி வந்ததும் "மின்சாரம் சரி" என்று முடிவுகட்டுகிறவர்கள் உண்டு. அது போதாது. வாயுவில் பொறி பாயத் தேவையான மின்னழுத்தம், இடைவெளியையும் வாயுவின் அடர்த்தியையும் பெருக்கி வரும் எண்ணைப் பொறுத்தது. 1889-இல் பாஷென் என்ற ஜெர்மானியர் கண்ட விதி இது. பழைய புல்லட்டின் சிலிண்டர் விட்டம் 70 மி.மீ.; பிஸ்டன் ஓடும் தூரம் 90 மி.மீ. கணக்கிட்டால் சுமார் 346 கன செ.மீ. வரும். அமுக்க விகிதம் 6.5 என்று கொண்டால், 409 கன செ.மீ. இடத்தில் இருந்த கலவை 63 கன செ.மீ. இடத்தில் அடைபடுகிறது. அடர்த்தி ஆறரை மடங்கு ஆகிறது. ஆகவே பிளக்கின் அரை மி.மீ. இடைவெளி உள்ளே ஏறத்தாழ 3 மி.மீ. போல நடந்துகொள்ளும்! வெளியே தாவும் நலிந்த பொறி உள்ளே தாவாமல் போவது இதனால்தான். பழைய பிளக் ஒன்றின் வெளிமுனையை 3 மி.மீ. விலக்கி வளைத்து அதைக்கொண்டு சோதித்தால் உண்மை விளங்கும். நீலம் கலந்த வெண்ணிறத்தில் சட்டெனத் தாவினால் நல்ல பொறி. மஞ்சளாகத் தயங்கித் தாவினால் கண்டென்சரையோ காயிலையோ ஐயுற வேண்டும்.

பெட்ரோல் வருகிறதா என்பதை அதே பிளக்கே சொல்லிவிடும். டேப்பைத் திறந்து பத்து முறை மிதித்த பிறகு கழற்றிப் பாருங்கள். முனை உலர்ந்திருந்தால் பெட்ரோல் வரவில்லை. நனைந்திருந்தால் பெட்ரோல் உண்டு, குறை வேறிடத்தில். கரி அப்பியிருந்தால் பெட்ரோல் மிகுதி. சோக் மாட்டிக்கொண்டிருக்கலாம், காற்று வடிகட்டி அடைத்திருக்கலாம்.

மாதக்கணக்கில் நின்ற வண்டியில் பெரும்பாலும் அடைபடுவது கார்புரேட்டரின் ஜெட். பெட்ரோலின் எளிதில் ஆவியாகும் பகுதி போய்விட, எஞ்சியது பிசினாகிச் சிறு துளையை அடைத்துவிடுகிறது. பனி கொட்டும் நாடுகளில் வீட்டு வாசலின் பனியை வாரி எறியும் சிறு எந்திரங்கள் கோடை முழுதும் சும்மா நின்று, குளிர்காலத்தில் ஓட மறுப்பதற்கும் இதுவே வழக்கமான காரணம். எத்தனால் கலந்த இன்றைய பெட்ரோல் ஈரத்தையும் ஈர்க்கும். பழைய ரப்பர் குழாய்களையும் கெடுக்கும். ஜெட்டைக் கம்பியால் குத்தாதீர்கள், காற்றால் ஊதுங்கள். துளையின் விட்டம் பத்து விழுக்காடு பெருத்தால் பரப்பு இருபத்தொரு விழுக்காடு பெருகும், கலவை கெட்டுவிடும்.

மீதி இருப்பது அமுக்கம். ஒரகடம் பகுதியிலிருந்து வரும் என் மாணவர் ஒருவரின் வீட்டு வண்டியில் கிக்கர் எதிர்ப்பே இல்லாமல் இறங்கியது. "ரிங் போய்விட்டது, போர் அடிக்க வேண்டும்" என்று ஒரு பட்டறையில் சொல்லி, அவர் தந்தையின் பாதி மாதச் சம்பளத்தைக் கேட்டார்களாம். மாணவர் பிளக் துளை வழியே ஒரு தேக்கரண்டி எஞ்சின் ஆயிலை விட்டு, பிளக்கை மாட்டி மிதித்தார். ரிங் தேய்ந்திருந்தால் ஆயில் சந்தை அடைத்து அமுக்கம் கூடியிருக்கும். கூடவில்லை. எனவே கசிவு மேலே, வால்வுப் பக்கம். புஷ்ராடுகள் குளிர்ந்த நிலையில் விரலால் தாராளமாகச் சுழன்றன. ஆகவே வால்வுகள் மூடிக்கொள்கின்றன. எஞ்சியது டிகம்ப்ரஷர். கிக்கர் எளிதில் இறங்குவதற்காக அமுக்கத்தைத் திறந்துவிடும் குட்டி வால்வு அது. கைப்பிடியிலிருந்து அதற்குச் செல்லும் கேபிள் இறுகி, வால்வை எப்போதும் சற்றே திறந்து வைத்திருந்தது! கேபிளைத் தளர்த்தியதும் அமுக்கம் திரும்பிவிட்டது. செலவு ஏதுமில்லை. எஞ்சின் ஓடத் தொடங்கியதும் வண்டியை மூடிய அறைக்குள் விடக் கூடாது. புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. இரத்தத்தின் ஹீமோகுளோபினைப் பற்றிக்கொண்டு ஆளை வீழ்த்திவிடும்.

வெள்ளத்தில் மூழ்கிய வண்டிக்கு மட்டும் முறை வேறு. 2015 டிசம்பர் வெள்ளத்தின்போது செம்பரம்பாக்கத்துக்குக் கீழே அடையாற்றங்கரை ஊர்களில் எத்தனையோ வண்டிகள் நீருக்குள் நின்றன. காற்றை அமுக்கலாம், நீரை அமுக்க முடியாது. சிலிண்டருக்குள் 63 கன செ.மீ.க்கு மேல் நீர் இருந்தால் பிஸ்டன் உச்சியை எட்ட இடமில்லை. வலுவாக மிதித்தால் கனெக்டிங் ராடு வளையும். ஆகவே சாவியைத் திருப்பாமல் முதலில் பிளக்கைக் கழற்றிவிட்டு, மெல்ல மிதித்து நீரை வெளியேற்ற வேண்டும். பிறகு ஆயிலைப் பாருங்கள். பால் கலந்ததுபோல் வெளுத்திருந்தால் அதிலும் நீர் புகுந்துவிட்டது. மாற்றிய பின்னரே எஞ்சினை ஓட்டலாம்.