உண்ணியும் கண்காணிக்கப்பட வேண்டும்

ஒரு நாட்டுக்குள் புதிய நோயொன்று நுழைவதற்கு நோயாளி ஒருவர் வந்திறங்க வேண்டும் என்பதில்லை. கால்நடையின் மயிருக்குள் ஒளிந்திருக்கும் எள்ளளவான உண்ணியொன்றும் அதற்குப் போதுமானதாகும். ஐக்கிய அமெரிக்காவில் பரவிவரும் ஆசிய நீள்கொம்பு உண்ணி இதற்குத் தக்க உதாரணமாகும்.

கிழக்கு ஆசியாவைத் தாயகமாகக் கொண்ட இவ்வுண்ணி, 2017 ஆம் ஆண்டில் நியூ ஜேர்சி மாநிலத்தில் செம்மறியாடொன்றின் உடலில் பெருந்தொகையாகக் காணப்பட்டது. ஆனால், பாதுகாக்கப்பட்டிருந்த பழைய மாதிரிகளை மீளப் பரிசோதித்தபோது, 2010 ஆம் ஆண்டிலேயே மேற்கு வேர்ஜீனியாவில் மானொன்றில் அது இருந்தமை தெரியவந்தது. ஏழு ஆண்டுகளாக அது எவரது கவனத்துக்கும் வராமல் இருந்திருக்கின்றது. ஆணின் சேர்க்கையின்றியே இப்பெண் உண்ணிகள் இரண்டாயிரம் வரையான முட்டைகளை இடக்கூடியவை. எனவே, தனியோர் உண்ணியே புதியதோர் இடத்தில் பெருங்கூட்டத்தைத் தோற்றுவித்துவிடலாம்.

இவற்றைக் கண்காணிக்கும் முறை எளிமையானது. வெள்ளைத் துணியைப் புல்வெளி மீது இழுத்துச் சென்று, அதில் ஒட்டும் உண்ணிகளைச் சேகரித்து, அவற்றினுள் நோய்க்கிருமிகளின் மரபணுக்கூறுகள் உள்ளனவா என ஆய்வுகூடத்தில் பரிசோதிக்கின்றனர். பென்சில்வேனியாவில் பிடிபட்ட இவ்வின உண்ணியில் லைம் நோய்க்குக் காரணமான பற்றீரியாவின் மரபணுக்கூறு கண்டறியப்பட்டமை 2021 இல் வெளியானது.

எனினும், கிருமி காணப்படுவது வேறு, அதனை உண்ணி மனிதருக்குக் கடத்துவது வேறு என்பதை நாம் மறந்துவிடலாகாது. நோயுற்ற விலங்கின் குருதியை உறிஞ்சிய எந்த உண்ணியிலும் கிருமியின் தடயம் இருக்கலாம். உண்ணி தோலுரித்த பின்னரும் கிருமி அதனுள் உயிர்வாழ்ந்து, அடுத்த கடியின்போது வெளியேறினால் மாத்திரமே ஆபத்து உண்டாகும். ஆய்வுகூடப் பரிசோதனைகளில் லைம் பற்றீரியா இவ்வாறு நிலைக்கவில்லை. ஆனால், ரொக்கி மலைப் புள்ளிக் காய்ச்சலின் பற்றீரியாவை இவ்வுண்ணியால் கடத்த முடிந்தது. வீண் பீதியைத் தவிர்க்கவும் உண்மையான ஆபத்தை இனங்காணவும் தொடர்ச்சியான கண்காணிப்பு அவசியமாவது இதனாலேயே ஆகும்.

இது நமக்குத் தொடர்பற்ற விடயமன்று. இதே உண்ணி அவுஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் நீண்டகாலமாக நிலைகொண்டுள்ளது. 2012 ஆம் ஆண்டு முதல் இலங்கை பல தடவைகள் அவுஸ்திரேலியாவிலிருந்து கறவைப் பசுக்களை இறக்குமதி செய்துள்ளமை குறிப்பிடத்தக்கது. றிக்கெற்சியா வகைப் பற்றீரியாக்களால் ஏற்படும் காய்ச்சல்களும் மத்திய மலைநாட்டிலும் வடக்கிலும் ஏற்கனவே பதிவாகியுள்ளன. இவை ஆரம்பத்திலேயே இனங்காணப்பட்டால் டொக்சிசைக்கிளின் போன்ற மருந்துகளால் இலகுவில் குணமாகக் கூடியவை. தாமதித்தால் உயிராபத்தையும் விளைவிக்கலாம்.

ஆகவே, கால்நடைகளின் தனிமைப்படுத்தல் பரிசோதனையில் உண்ணிகளைச் சேகரித்து ஆராய்வதற்கு உரிய இடம் வழங்கப்படல் வேண்டும். கால்நடை வைத்தியர்களும் சுகாதாரத்துறையினரும் தத்தம் தகவல்களைப் பகிர்ந்துகொள்ள வேண்டும். காய்ச்சலுடன் வைத்தியசாலைக்குச் செல்லும் பண்ணையாளர்களும் விவசாயிகளும் உண்ணிக்கடி பற்றி மறவாது தெரிவிப்பதும் அவசியமாகும். நோய் பரவிய பின்னர் செலவிடுவதைவிட, அது வரும் வழியைக் காவல் செய்வதே புத்திசாலித்தனமாகும்.