முதலில் அவரைக் கேட்போம்

சில வருடங்களுக்கு முன்னர், மட்டக்களப்பு மாவட்டத்தின் ஒரு கிராமத்துக்குச் சில்லுக் கதிரை ஒன்றைக் கொண்டு சென்றிருந்தேன். பாரிசவாதத்தினால் வலது கையும் காலும் செயலிழந்துபோன, எழுபதை நெருங்கும் ஓர் அம்மாவுக்கான உதவி அது. படிவத்தை நிரப்பியதும் நன்கொடையாளரைத் தேடிப் பிடித்ததும் நான்தான். அம்மாவைக் கதிரையில் இருத்தி ஒரு படமும் எடுத்துக்கொண்டோம். மருமகள் தந்த தேத்தண்ணியைக் குடித்துவிட்டு, ஒரு நல்ல காரியம் செய்த திருப்தியோடு திரும்பினேன்.

மூன்று மாதங்களின் பின்னர் மீண்டும் அந்த வீட்டுக்குப் போனபோது, கதிரை விறாந்தையின் மூலையில் நின்றது. அதன்மேல் காய்ந்த உடுப்புகள் குவிந்து கிடந்தன. வாசலில் இரண்டு படிகள், அதற்கப்பால் முழுவதும் மணல் முற்றம். சில்லு எப்படி உருளும்? முதல் நாளே என் கண்ணில் பட்டிருக்க வேண்டிய விடயம் இது.

அந்த இடைவெளியில் அம்மா சிறுநீர்த் தொற்றினால் இரண்டு தடவைகள் வைத்தியசாலையில் இருந்துவிட்டு வந்திருந்தார். இனி வீட்டில் வைத்துப் பார்க்க முடியாது, முதியோர் இல்லத்தில் விட்டுவிடுவோம் என்ற பேச்சும் வீட்டில் தொடங்கியிருந்தது. நான் கட்டிலருகே இருந்து, "ஏனம்மா கதிரையைப் பாவிக்கவில்லை?" என்று கேட்டேன். அவர் மெல்லச் சிரித்தார்.

"கதிர நல்லதுதான் புள்ள. ஆனா எனக்கு எங்கயும் போகத் தேவல்ல. ராவைக்கு கக்கூசுக்குப் போறதுக்குத்தான் வழியில்ல. மருமகள எழுப்ப வெக்கமா இரிக்கி. அதால அந்திக்குப் பிறகு நான் தண்ணி குடிக்கிறல்ல. நீங்க எல்லாரும் மருமகளிட்டத்தான் கதைச்சீங்க. என்னட்ட ஒருத்தரும் கேக்கல்லயே."

தண்ணீர் குடிக்காமையும் சிறுநீரை அடக்கி வைத்தலும் சிறுநீர்த் தொற்றுக்கு வழி திறந்து விடுபவை. இரண்டு தடவைகள் வைத்தியசாலைக்குப் போனதன் காரணம், நாங்கள் கேட்காமல் விட்ட ஒரு கேள்விக்குள் ஒளிந்திருந்தது. பல்கலைக்கழகத்தில் சமூகவியல் படித்த காலத்தில் மனிதத் தேவைகள் பற்றி எத்தனையோ விரிவுரைகளைக் கேட்டிருக்கிறேன். அன்று அந்தக் கட்டிலருகே இருந்தபோது, நான் படித்த எதுவும் என் வாயிலிருந்து அந்த ஒரு கேள்வியை வரவழைக்கவில்லையே என்று வெட்கப்பட்டேன்.

ஆளுக்கேற்ற பராமரிப்பு

கையில் இருக்கும் உதவிக்கு ஆளைத் தேடுவதை விட்டு, ஆளின் வாழ்க்கைக்கேற்ப உதவியை அமைப்பதையே ஆளுக்கேற்ற பராமரிப்பு என்கிறோம். இக்கருத்துக்கு உருக்கொடுத்தவர்களில் முக்கியமானவர்கள் பராமரிப்பைப் பெற்ற மாற்றுத்திறனாளிகளே. இங்கிலாந்தின் ஹம்ப்ஷயர் பகுதியில் லு கோர்ட் என்ற பராமரிப்பு இல்லத்தில் வாழ்ந்த சிலர், 1979 இல் 'புரொஜெக்ட் 81' என்ற முயற்சியைத் தொடங்கினார்கள். எப்போது எழும்புவது, எப்போது உறங்குவது என்பதைக்கூட மற்றவர்கள் தீர்மானிக்கும் வாழ்க்கை அவர்களுக்குப் போதுமென்றாகிவிட்டது. "இல்லத்தில் எங்களை வைத்திருக்கச் செலவிடும் பணத்தை, வெளியே எங்கள் சொந்த வீடுகளில் வாழ்வதற்குத் தாருங்கள்" என்பதே அவர்களது கோரிக்கையின் சாரம்.

இத்தகைய நீண்ட போராட்டங்களின் பயனாக 1996 இல் பிரித்தானியாவில் ஒரு சட்டம் நிறைவேறியது. பராமரிப்புக்கான பணத்தை உரியவரிடமே கொடுக்க உள்ளூராட்சி சபைகளுக்கு அது வழிசெய்தது. முதலில் 65 வயதுக்குட்பட்டவர்களுக்கு மாத்திரமே கிடைத்த இவ்வாய்ப்பு, 2000 ஆம் ஆண்டில் முதியவர்களுக்கும் விரிவாக்கப்பட்டது.

ஆனால், பணத்தைக் கையில் கொடுத்தவுடன் எல்லாம் சரியாகிவிடவில்லை. இங்கிலாந்தின் 13 உள்ளூராட்சி சபைகளில் நடந்த பரீட்சார்த்தத் திட்டம் ஒன்றின் மதிப்பீடு 2008 இல் வெளியானது. இளவயது மாற்றுத்திறனாளிகள் பலர் பயனடைந்திருக்க, முதியவர்களின் மனநலம் அந்தளவுக்கு மேம்படவில்லை. உதவியாளரைத் தேடுவதும் கணக்கு வைப்பதும் அவர்களில் பலருக்குப் புதிய சுமையாகிவிட்டன. தெரிவுசெய்யும் உரிமையைக் கொடுத்தால் மட்டும் போதாது, தெரிவுசெய்யத் துணையாக ஒருவர் பக்கத்தில் இருக்கவும் வேண்டும் என்பதே இதிலுள்ள பாடம்.

நமது நாட்டில்

இலங்கையில் 65 வயதும் அதற்கு மேற்பட்டவர்களும் 2012 இல் சனத்தொகையில் 7.9 சதவீதமாக இருந்தனர். 2024 குடிசன மதிப்பீட்டில் அது 12.6 சதவீதமாக உயர்ந்துள்ளது. 2000 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க முதியோர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் முதியோருக்கான தேசிய சபையும், பிள்ளைகளிடமிருந்து பராமரிப்பைக் கோரி விண்ணப்பிப்பதற்கான சபையும் உருவாக்கப்பட்டன. பிரதேச செயலகங்களில் சமூக சேவை உத்தியோகத்தர்கள் இருக்கிறார்கள். ஆனாலும், எங்களைப் போன்றவர்கள் கையில் கொண்டுபோகும் படிவத்தில் மூக்குக்கண்ணாடி, ஊன்றுகோல், சில்லுக் கதிரை என்றுதான் பட்டியல் இருக்கும். 'இராத்திரியில் வெட்கப்படாமல் தண்ணீர் குடிக்க வேண்டும்' என்பதை எழுத அதில் கட்டம் இல்லை.

அந்த அம்மாவுக்குத் தேவைப்பட்டது பெரிய செலவே அல்ல. பக்கத்து வீட்டுத் தச்சர் ஒரு பழைய பிளாஸ்ரிக் கதிரையின் நடுவே வட்டமாக வெட்டி, கீழே வாளி வைக்கும்படி செய்து தந்தார். கட்டிலருகே பழைய சேலையில் ஒரு மறைப்பு. பகலில் பிடித்து நடக்கச் சுவரோடு ஒரு நீளக் கைபிடி. கதிரை ஆடாமல் நிற்கிறதா என்று வைத்தியசாலையின் இயன் மருத்துவர் கேட்டறிந்து, இடது கையை ஊன்றி எழும்பும் முறையையும் பழக்கிவிட்டார்.

"இன்னும் என்ன ஆசை அம்மா?" என்று கேட்டேன். "கறிக்கு மரக்கறி நான் வெட்டணும்" என்றார். பலகையில் இரண்டு ஆணிகளை அடித்து, கத்தரிக்காயை அதில் குத்தி நிறுத்தி, இடது கையால் வெட்டப் பழகிக்கொண்டார். அந்த வீட்டில் மீண்டும் ஒரு வேலைக்குரியவரானார்.

மருமகளையும் கேட்போம்

இங்கே இன்னொரு தவறையும் ஒப்புக்கொள்ள வேண்டும். மருமகளிடம் நான் அதிகம் கதைத்தேன்தான். ஆனால் மாமியைப் பற்றித்தான் கதைத்தேனே தவிர, அவரைப் பற்றி அல்ல. கணவர் வெளிநாட்டில், இரண்டு பிள்ளைகள் பாடசாலையில். "தங்கச்சி, உங்களுக்கு என்ன வேணும்?" என்று கேட்டபோது அவருடைய கண் கலங்கியது. "ஒரு ராவைக்காவது முழுசா நித்திர கொள்ளணும் மிஸ்" என்றார். முதியோர் இல்லம் பற்றிய பேச்சு அன்பில்லாமையால் வந்ததல்ல, களைப்பினால் வந்தது. கிழமையில் ஒரு நாள் நாத்தனார் வந்து தங்குவதென்று பேசி முடித்தோம். அதற்குப் பிறகு அந்தப் பேச்சு எழவில்லை.

நம் வீடுகளில் பராமரிப்பு என்பது பெரும்பாலும் ஒரு பெண்ணின் தோளிலேயே விழுகின்றது. அவளைக் கேட்காமல் போடப்படும் எந்தத் திட்டமும் நீடிக்காது.

வீட்டில் செய்யக்கூடியவை

வயது வந்த ஒருவரைப் பராமரிக்கும் சகோதரிகள், பின்வருவனவற்றைக் கவனத்திற் கொள்ளலாம்.

1. நோயாளியிடம் நேராகக் கதையுங்கள். அவர் முன்னாலேயே "இவருக்கு என்ன?" என்று மற்றவரைக் கேட்பதைத் தவிருங்கள்.

2. "என்ன வருத்தம்?" என்பதோடு நின்றுவிடாமல், "ஒரு நாளில் உங்களுக்குக் கஷ்டமான நேரம் எது? சந்தோசமான நேரம் எது?" என்றும் கேளுங்கள்.

3. பேச முடியாதவர்களும் மறதி நோயுள்ளவர்களும் முகத்தாலும் கையாலும் பதில் சொல்வார்கள். அவர்களுடைய பழைய தொழில், விருப்பமான சாப்பாடு, குளிக்கும் நேரம் போன்றவற்றை ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள். வைத்தியசாலையில் தங்க நேர்ந்தால் தாதியருக்கும் அது உதவும்.

4. அவரது விருப்பமும் வைத்திய ஆலோசனையும் முரண்படலாம். நீரிழிவு உள்ளவர் சீனித் தேத்தண்ணி கேட்டால், அதட்டுவதற்குப் பதிலாக, கிளினிக்குக்கு அவரோடு சென்று, எந்தளவுக்கு விட்டுக்கொடுக்கலாம் என வைத்தியரிடமே கேளுங்கள்.

5. கேட்டது ஒருமுறையோடு முடிவதில்லை. தேவைகள் மாறும். சில மாதங்களுக்கொரு தடவை திரும்பவும் கேளுங்கள்.

அந்தச் சில்லுக் கதிரை இப்போது வேறொரு வீட்டில், சீமெந்து முற்றத்தில் ஓடுகின்றது. கொடுப்பதற்கு முன்னர் அதைப் பாவிக்கப் போகிறவரிடம் போய், எங்கே போக விருப்பம் என்று கேட்டேன். சந்திக் கடைக்குப் போய் பேப்பர் வாசிக்க வேண்டும் என்றார். வீட்டிலிருந்து கடை வரைக்கும் நானே ஒருமுறை நடந்து பார்த்த பிறகுதான் படிவத்தை நிரப்பினேன்.