மணலுக்கடியில் ஒரு வைகை

சிம்மக்கல்லிலிருந்து வடக்கே சிறிது நடந்தால் வைகை. "இதுவா நதி?" என்று நம் வீட்டுக்கு வரும் வெளியூர் விருந்தாளிகள் கேட்பதுண்டு. வருஷத்தில் பல மாதம் வெள்ளம் காணாத ஆறல்லவா! ஆனால் நேயர்களே, வைகை மணலையே முக்காடாக இட்டுக் கொள்பவள். நீரில் ஊறிய ஆற்று மணலில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு ஜலமே. நத்தையும் முந்திவிடக்கூடிய வேகத்தில் அது கரையோரக் கிணறுகளுக்குக் கசிந்து செல்கிறது. மணலை அள்ளி வண்டியேற்றும் மகானுபாவர்கள், நீர் வைக்கும் பானையையே தூக்கிச் செல்கிறார்கள்!

கரையை விட்டு விலகினால் கதையே வேறு. பூமிக்கடியில் யானைமலையை ஒத்த கடும்பாறை. ஆயினும் மழைநீர் யுகயுகமாகப் பாறையின் மேற்பகுதியை உளுக்கச் செய்து, தான் தங்குவதற்கு இடம் உண்டாக்கிக் கொண்டிருக்கிறது. அதற்குங் கீழே வெடிப்புகளில் மட்டுமே ஊற்று. ஆகையால்தான் ஒரு வீட்டு ஆழ்குழாயில் நீர் பொங்க, அடுத்த வீட்டில் 500 அடியிலும் புழுதி பறக்கிறது.

மேலே தேங்கும் நீருக்கும் கீழே ஊறும் நீருக்கும் உள்ள உறவுக்கு, திருமலை நாயக்கர் 17-ஆம் நூற்றாண்டில் அமைத்த வண்டியூர்த் தெப்பக்குளமே சாட்சி. பல ஆண்டுகள் அது வறண்டு கிடந்தது. பிள்ளைகள் அதில் கிரிக்கெட் ஆடினார்கள். அண்மை ஆண்டுகளில் வைகை ஜலம் வாய்க்கால் வழியே வந்து நிரம்பவும், சுற்றுவட்டாரக் கிணறுகளில் நீர்மட்டம் ஏறியது. ஆட்டக்காரர்கள் வேறு மைதானம் தேடிப் போனார்கள்.