அம்புக்கு வான்கோழி இறகு

வில்லிலிருந்து புறப்படும் அம்பு நேராகப் போவதற்குக் காரணம் அதன் வால்பகுதி இறகுதான். காற்று அந்த இறகைப் பின்னுக்குத் தள்ளுவதால், முனை எப்போதும் முன்னே நிற்கிறது.

வான்கோழியின் தாயகமான வட அமெரிக்காவில், பூர்வகுடி மக்களில் பலர் அதன் சிறகு இறகுகளை அம்புக்கு விரும்பிப் பயன்படுத்தினர். அவை நீளமானவை, உறுதியானவை, வளைந்தாலும் நிமிர்ந்துவிடுபவை. மார்பு இறகு இதற்கு உதவாது. அது வெறும் பஞ்சு.

இறகை அதன் நடுத்தண்டு வழியே நெடுக்காகப் பிளந்து, தண்டைத் தேய்த்து மெலிதாக்கி, பத்துப் பன்னிரண்டு சென்டிமீட்டர் நீளத்துக்கு நறுக்குவார்கள். அப்படி மூன்று துண்டுகளைச் சம இடைவெளியில் அம்பில் ஒட்டி, இரு முனைகளையும் நூலாலோ விலங்கின் தசைநாராலோ இறுகக் கட்டுவார்கள். இறகின் அடிப்பக்கம் அம்பின் முனையை நோக்கியிருக்க வேண்டும்.

புதியவர்கள் தவறுவது வேறோர் இடத்தில். இடச்சிறகு இறகும் வலச்சிறகு இறகும் எதிரெதிர்த் திசையில் வளைந்தவை. ஓர் அம்பில் மூன்றும் ஒரே பக்கத்துச் சிறகிலிருந்து வர வேண்டும். அப்போதுதான் அம்பு ஒரே திசையில் சுழன்று பறக்கும். கலந்துவிட்டால் ஒன்றின் சுழற்சியை மற்றது கெடுக்கும்.

வில்லில் உரசும்போது இறகு மடங்கிக்கொடுக்கும். இறகுக்குப் பதிலாக ஒட்டப்படும் கெட்டியான பிளாஸ்டிக் தகடு அம்பையே விலக்கிவிடும். ஆனால் மழையில் நனைந்த இறகு படிந்துபோகும். மரபு வில்லாளர்களுக்காக இன்று விற்கப்படும் இறகுகளில் பெரும்பாலானவை வளர்ப்பு வான்கோழியினுடையவையே.